பதினொரு வீட்டு நம்பர்

வெயிலுமுத்துவின் நம்பர் செத்துப்போன விஷயம், காலை பத்து மணிக்கு மாரிசெல்வி போட்ட கூப்பாட்டில்தான் சந்துக்குத் தெரிந்தது.

“மாமா, ஓடிபி வந்திருக்கும். பாத்துச் சொல்லுங்க.”

மேல்வீட்டு ஜன்னலில் அசைவு இல்லை. ரப்பர் சொல்யூஷன் பசையின் வாடை மட்டும் இறங்கி வந்தது. வெயிலுமுத்து தன் அறையிலேயே உட்கார்ந்து தோல் பெல்ட் ஒட்டுகிறவர். கை வேலையாக இருந்தால் முதல் இரண்டு கூப்பாட்டுக்குப் பதில் சொல்லமாட்டார். மூன்றாவதுக்கு ஏசுவார்.

“மாமா! மாமோவ்!”

“ஒண்ணும் வரலட்டி. ராத்திரில இருந்து ஒரு மயிரும் வரல.”

மாரிசெல்விக்கு செம்பூரில் ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. நேற்று சாயங்காலம்தான் பட்டியல் வந்தது. இனி அவள் செய்யவேண்டியது, அவர்களுடைய வெப்சைட்டுக்குள் போய் ‘இந்த இடத்தை ஏற்றுக்கொள்கிறேன்’ என்ற பச்சை பட்டனை ஒருமுறை அமுக்குவது. இன்று மாலை ஐந்து மணிக்குள் அமுக்காவிட்டால் இடம் அடுத்தவளுக்குப் போய்விடும். மூன்று வருடம் படிக்கப்போகிற பிள்ளைக்கு யோசிக்க ஒரு நாள் கொடுத்த புண்ணியவான்கள், அந்த ஒரு நாளுக்கும் ஒரு பூட்டைப் போட்டு, சாவியை ஓடிபி என்று வேறு ஒருவர் போனுக்கு அனுப்பினார்கள். அந்தப் போன் வெயிலுமுத்துவினுடையது.

அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. நம்பரைக் கொடுத்தது இவர்கள்தான்.

மும்பை தாராவியில் அந்தச் சந்தில் பதினொரு வீடு. எல்லாம் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். கேஸ், பேங்க், ரேஷன், பள்ளிக்கூடம் என்று எதைக் கேட்டுப் போனாலும் மொபைல் நம்பர் எழுது என்று ஃபாரம் நீட்ட ஆரம்பித்த காலத்தில், எல்லார் கையிலும் போன் இருந்தது. யாரிடமும் நம்பர் நிலைக்கவில்லை. ரோட்டில் குடை விரித்து இனாமாக சிம் கொடுப்பான். வாங்கிப் போட்டு, பேசித் தீர்த்து, சலுகை முடிந்ததும் பல்லால் கடித்துச் சாக்கடையில் போடுவார்கள். ஒருவருக்கு வருடத்தில் நாலு நம்பர். வெயிலுமுத்து மட்டும் முதலில் வாங்கிய நம்பரைக் கட்டிக்கொண்டு அழுதார். அதனால், “அண்ணாச்சி நம்பரப் போடு, அது போவாது” என்று ஆரம்பித்தது. மாரிசெல்வியை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது அவள் அம்மா இசக்கியம்மாளும் அதைத்தான் எழுதினாள். பள்ளிக்கூடத்தில் ஒட்டிய நம்பர் ஆதாரில் ஒட்டி, பரீட்சையில் ஒட்டி, கல்லூரி வரைக்கும் பின்னாலேயே வந்துவிட்டது. மாற்றலாம் என்று மாரிசெல்வி இரண்டு முறை பார்த்தாள். மாற்ற வேண்டுமென்றால் பழைய நம்பருக்கு ஓடிபி போகும். பழைய நம்பர்க்காரர், “என்னட்டி, மாமன் நம்பரு நாறுதோ?” என்று கேட்டார். அவள் விட்டுவிட்டாள்.

அந்தக் கேள்வியில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். சந்தில் யார் வீட்டு சிலிண்டர் வந்தாலும், யார் பேங்கில் கை வைத்தாலும் அவர் ஜன்னலைப் பார்த்துத்தான் கூப்பிட வேண்டும். அவர் போனைத் தூரமாகப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, “சார்... சாத்... தோ... தோ...” என்று இந்தியில் ஒவ்வொரு எண்ணாக முழங்குவார். இந்த எண்ணை யாரிடமும் பகிர வேண்டாம் என்று அதன் கீழே எழுதியிருப்பதையும் சேர்த்துப் படிப்பார். முப்பது பேர் கேட்பார்கள். சந்து முனையில் சுடிதார் தைக்கிற மெஷின்களை வைத்திருக்கும் தமிழ்செல்வனோடு ஒருமுறை சாக்கடைத் தகராறு வந்தபோது, இரண்டு நாள் சிலிண்டர் ஓடிபியைச் சொல்லாமல் நிறுத்தி வைத்தார். தமிழ்செல்வன் குடும்பம் இரண்டு நாள் வடாபாவ் தின்றது.

மாரிசெல்வி ஏணியில் ஏறிப் போய் போனை வாங்கிப் பார்த்தாள். மேலே சிக்னல் கோடுகள் இல்லை. ‘அவசர அழைப்பு மட்டும்’ என்று இருந்தது. நேற்று ராத்திரி வந்த கடைசி மெசேஜ் இங்கிலீஷில் கிடந்தது.

“என்னட்டி எழுதியிருக்கு?”

“ஒங்க நம்பரு நெறைய சேவையோட சேந்திருக்காம். சந்தேகமா இருக்காம். ஒங்க பாதுகாப்புக்காக நிறுத்தி வச்சிருக்காவளாம்.”

“எம் பாதுகாப்புக்கா? யாருலே அது? நான் கேட்டனா?”

“நீங்கதான் நீங்கன்னு நிரூபிக்கணுமாம்.”

“நான் இல்லாம இங்க யாரு இருக்கா?”

மாரிசெல்வியின் போனில் சிம் கம்பெனியின் ஆப்பைத் திறந்தார்கள். ‘நான் உங்கள் தோழி’ என்று ஒரு பொம்மை கையாட்டியது. மாரிசெல்வி பிரச்சினையை எழுதினாள். தோழி மகிழ்ச்சியாக உதவுவதாகச் சொன்னாள். முதலில் அவர்களுடைய நம்பருக்கு ஒரு ஓடிபி அனுப்பியிருப்பதாகவும் அதைச் சொல்லும்படியும் கேட்டாள். நின்றுபோன நம்பருக்கு. மாரிசெல்வி மறுபடி எழுதினாள். தோழி மறுபடி மகிழ்ச்சியடைந்து மறுபடி அனுப்பினாள். மூன்றாவது தடவை, ‘இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’ என்றாள்.

“இவ கூட சண்டை போட்டாலும் ஒறைக்காது” என்றார் வெயிலுமுத்து. “எடு சட்டைய. கடைக்கே போவம்.”

சயனில் இருக்கிற கம்பெனி கடையில் ஏசி ஓடியது. டை கட்டிய பையன் விரல் வைக்கிற கருவியை நீட்டினான். வெயிலுமுத்து கட்டைவிரலை வைத்தார். சிவப்பு. மற்றதை வைத்தார். சிவப்பு. பத்தும் சிவப்பு. பையன் ஈரத் துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னான். முப்பத்திரண்டு வருடம் தோலில் சொல்யூஷன் தடவித் தேய்த்த விரல். ஈரத் துணிக்கு ரேகை முளைக்குமா?

“எல்லா ரேகையும் பெல்ட்டுல ஒட்டிப் போயிருச்சு சேட்” என்று இந்தியில் சொன்னார். “எவன் இடுப்புலயோ இருக்கும். கூட்டிட்டு வரவா?”

பையன் சிரிக்கவில்லை. அவனுக்கு அப்படிச் சிரிக்கச் சம்பளம் இல்லை. வீடியோவில் முகம் காட்டிச் சரிபார்க்கிற வழி ஒன்று இருக்கிறது என்று சொல்லி, மாரிசெல்வியின் போனுக்கு ஒரு லிங்க் அனுப்பினான். “ரொம்ப சுலபம். வீட்டிலிருந்தே முடித்துக்கொள்ளலாம். மூன்று நிமிடம்” என்றான்.

வீட்டுக்கு வரும்போது மணி பன்னிரண்டரை.

லிங்க்கைத் திறந்ததும் நிபந்தனைகள் வந்தன. வெளிச்சம் வேண்டும். பின்னால் வெறும் சுவர் வேண்டும். சத்தம் கூடாது. படத்தில் ஒரே ஒரு முகம்தான் இருக்க வேண்டும்.

இதை எழுதியவன் எந்த ஊரில், எத்தனை அறை உள்ள வீட்டில் உட்கார்ந்து எழுதினானோ தெரியவில்லை. ஒரே ஒரு முகம். தாராவியில் ஒரே முகம் தெரிகிற இடம் எது? கக்கூசில்கூட கதவுக்குக் கீழே அடுத்தவன் கால் தெரியும்.

வெயிலுமுத்துவின் அறை பத்துக்குப் பத்து. ஜன்னலுக்கு நேரே எதிர்வீட்டு ஜன்னல். கையை நீட்டினால் அங்கே ஆறப்போட்டிருக்கிற இட்லித் தட்டை எடுக்கலாம். அது முப்பிடாதியம்மாளின் வீடு. அவள் விடிகாலையில் இட்லி அவித்து அனுப்பிவிட்டு, மற்ற நேரமெல்லாம் அந்த ஜன்னலில்தான் இருப்பாள். வெளிச்சம் வேண்டுமென்றால் ஜன்னலைத் திறக்க வேண்டும். திறந்தால் முப்பிடாதியம்மாள்.

‘ஒன்றுக்கு மேற்பட்ட முகங்கள் உள்ளன’ என்றது போன்.

“மைனி, கொஞ்சம் உள்ள போங்க” என்றார் வெயிலுமுத்து.

“எங்க போவ? எம் வீட்டுல எம் மூஞ்சி இருக்கக்கூடாதோ?”

“ஒம்ம மூஞ்சிய போன் எண்ணுது.”

“எண்ணிட்டுப் போட்டும். காசா கேக்குது?”

அவள் உள்ளே போனாள். அவள் இருந்த இடத்தில் அவள் பேரன் வந்தான். ஜன்னலைச் சாத்தினார்கள். ‘வெளிச்சம் போதாது.’ பல்பைப் போட்டார்கள். ‘முகத்தில் நிழல் உள்ளது.’ மொட்டைமாடி என்று சொல்லிக்கொள்கிற தகரக் கூரைக்கு ஏறினார்கள். ‘பின்னணிச் சத்தம் அதிகம்.’ கீழே தமிழ்செல்வனின் எட்டு மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து பெயர், பிறந்த தேதி, விலாசம் எல்லாம் நிரப்ப வேண்டும். ஆறாவது தடவை போன், ‘அமைதியான இடத்துக்குச் சென்று முயற்சி செய்யவும்’ என்று புத்தி சொன்னது.

“சுடுகாட்டுக்குத்தான் போவணும்” என்றார் வெயிலுமுத்து. “அங்கயும் நாலு பேரு இருப்பான்.”

இசக்கியம்மாள்தான் சொன்னாள். அவள் மாட்டுங்காவில் ராஜலக்ஷ்மி மாமி வீட்டில் பாத்திரம் கழுவுகிறாள். மத்தியானம் அங்கே ஈ பறந்தால் சத்தம் கேட்கும். மாமியும் மாமாவும் மட்டும்தான்.

மூன்று பேரும் போனார்கள். ராஜலக்ஷ்மி கதவைச் சங்கிலியோடு திறந்து, இசக்கியம்மாளைப் பார்த்து, அப்புறம் வெயிலுமுத்துவைப் பார்த்தாள்.

“இவர் யாரு, இசக்கி?”

“எங்க பக்கத்து வீட்டு அண்ணாச்சி, மாமி. பாப்பா காலேஜுக்காக. ஒரு செவுரு மட்டும் வேணும்.”

“சுவரா?”

மாரிசெல்வி விஷயத்தைச் சொன்னாள். உள்ளே ஊஞ்சலில் இருந்த மாமா வேங்கடசுப்ரமணியன், ரிசர்வ் செய்யப்பட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கும் ரயில் பயணி மாதிரி நகராமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“உள்ளே வரச்சொல்லு. ஆனா இதெல்லாம் என்ன வழக்கம்? அவாவா நம்பரை அவாவா வெச்சுக்கப்படாதோ? பதினோரு ஆத்துக்கு ஒரு நம்பர்! கேக்கவே அசட்டுத்தனமா இருக்கே.”

“ஒங்க ஓடிபியெல்லாம் ஒங்களுக்குத்தான் வருமா மாமா?” என்று மாரிசெல்வி கேட்டாள். கேட்ட விதத்தில் மரியாதை முழுசாக இல்லை.

வேங்கடசுப்ரமணியன் கண்ணாடியைத் துடைத்தார். ராஜலக்ஷ்மிதான் பதில் சொன்னாள். “எங்கே? எல்லாம் எங்க பிள்ளை நிகில் நம்பர்தான். அவன் நியூ ஜெர்ஸியிலேர்ந்து வாட்ஸப்ல அனுப்புவன். பகல்ல இங்கே கரண்ட் பில் கட்டணும்னா அவன் எழுந்திருக்கற வரைக்கும் காத்துண்டிருப்போம்.”

“அது வேற விஷயம்” என்றார் வேங்கடசுப்ரமணியன்.

வேறு விஷயம்தான். இவர்கள் ஓடிபி ஏழு கடல் தாண்டித் தூங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் ஓடிபி ஏணி மேலே.

ஹாலில் நல்ல வெள்ளைச் சுவர் இருந்தது. வெளிச்சம் இருந்தது. மின்விசிறியைக்கூட நிறுத்தினார்கள். வெயிலுமுத்து சட்டைக் காலரை இழுத்துவிட்டு உட்கார்ந்தார். போன் அவர் முகத்தைச் சுற்றிப் பச்சை வட்டம் போட்டது. காலையிலிருந்து முதல்முறையாகப் பச்சை. ‘இணைக்கிறோம்’ என்றது. இசக்கியம்மாள் கும்பிட்டாள். பச்சை சிவப்பாயிற்று.

‘நீங்கள் பதிவு செய்த முகவரியில் இல்லை. உங்கள் முகவரியிலிருந்து முயற்சி செய்யவும்.’

வெயிலுமுத்து மெதுவாக எழுந்தார். “அதாவது” என்றார், “நான் தாராவில இருக்கவன்தான்னு தெரிஞ்சே கேக்கான். அங்கன இருந்தா கூட்டம்ங்கான். வெளிய வந்தா நீ இல்லங்கான். என்ன செய்யச் சொல்லுதான்? சாவச் சொல்லுதானா?”

“ஆப்புல அதுக்கு ஆப்ஷன் இருக்காது” என்றாள் மாரிசெல்வி. மணி மூன்றேகால்.

திரும்பி வரும் வழியில் அவள் அழவில்லை. வேகமாக நடந்தாள். சந்து முனைக்கு வந்ததும் நேரே தமிழ்செல்வனின் தையல் அறைக்குள் போய், சுவரில் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள். எட்டு மெஷினும் நின்றன.

“ஏ, என்னட்டி! பைத்தியமா?” தமிழ்செல்வன் எழுந்து வந்தான். “ஆறு மணிக்கு டெலிவரி. சேட்டு உசுர எடுப்பான்.”

“அரை மணி நேரம் அண்ணே.”

“அந்த ஆளுக்காக நான் மெஷின நிறுத்தணுமா? சிலிண்டர் நம்பரச் சொல்லாம எம் பிள்ளைகளப் பட்டினி போட்டவரு. அவரு நம்பரு போனா எனக்குச் சந்தோசம்.”

“ஒங்களுக்கும் அதே நம்பருதான் அண்ணே. நாளைக்குப் பேங்குல பணம் எடுக்கணும்னா?”

தமிழ்செல்வன் அதை யோசித்திருக்கவில்லை. அவனுடைய பேங்க், அவன் பொண்டாட்டியின் பேங்க், மெஷின் வாங்கிய லோன், எல்லாம் மேல்வீட்டில் சொல்யூஷன் வாடையோடு செத்துக் கிடந்தன. “சாலா” என்று ஏசினான். யாரைச் சொன்னானோ. “அரை மணிதான். சலோ, எல்லாரும் வெளிய.”

அப்புறம் இசக்கியம்மாள் வீடு வீடாகப் போனாள். எல்லா வீட்டுக்கும் ஒரே கதைதான் என்பதால் அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டிவிகளை நிறுத்தினார்கள். குக்கரை இறக்கினார்கள். குழந்தைகளை மெயின்ரோட்டுக்கு ஓட்டிவிட்டார்கள். அழுகிற கைக்குழந்தையை அதன் தாய் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். முப்பிடாதியம்மாள் தன் ஜன்னலில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டிவிட்டு, “எம் மூஞ்சிக்கு வந்த கேடு” என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்து நின்றாள். அறுபது பேர் சந்துக்கு வெளியே சாக்கடை ஓரம் நின்றார்கள். அந்தப் பக்கம் போனவர்கள், “யாரு போயிட்டா?” என்று கேட்டார்கள்.

மணி நாலே கால். அந்தச் சந்து அவ்வளவு சத்தமில்லாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை. சத்தமில்லாதபோது அது அசிங்கமாக இருந்தது. குழாய் சொட்டுவது கேட்டது.

மேலே, வெயிலுமுத்து சுவரோரம் உட்கார்ந்தார். மாரிசெல்வி படத்துக்குள் வராமல் கீழே படுத்துக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்தாள். பச்சை வட்டம். ‘இணைக்கிறோம்.’ பதினொரு நிமிடம் ஒரு பாட்டு ஓடியது. அப்புறம் ஒரு பெண் வந்தாள். காதில் மைக், கழுத்தில் அட்டை. தன் பெயர் பரீஹா என்று இந்தியில் சொன்னாள். நாள் முழுவதும் முகங்களைப் பார்த்துப் பார்த்து எதையும் பார்க்காத கண்.

“ஐயா, உங்களுக்குப் பின்னால் ஒரு பெண் நிற்கிறார்.”

“இங்க யாரும் இல்லம்மா. சந்தையே காலி பண்ணி வச்சிருக்கோம்.”

“இடது தோளுக்கு மேலே, ஐயா.”

வெயிலுமுத்து திரும்பிப் பார்த்தார். சுவரில் அவர் மனைவியின் போட்டோ மாட்டியிருந்தது. பொட்டு வைத்து, பிளாஸ்டிக் மாலை போட்டது.

“அது போட்டோம்மா. எம் பொஞ்சாதி. செத்து ஆறு வருசம்.”

“எனக்குப் புரிகிறது. சிஸ்டம் அதையும் முகமாகத்தான் எடுக்கும். அகற்ற முடியுமா?”

அவர் அசையவில்லை.

“மாமா” என்று மாரிசெல்வி கீழே படுத்தபடி உதட்டை மட்டும் அசைத்தாள்.

“வேற வழி கெடையாதா?” என்று அவர் போனைப் பார்த்துக் கேட்டார்.

பரீஹா கொஞ்சம் முன்னால் குனிந்தாள். குரலைத் தாழ்த்தினாள். “ஐயா, என் வீடும் மான்குர்த் குடிசைப் பகுதியில்தான். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் ஆகும். நான் ‘சரி’ போட்டாலும் மெஷின் ‘இல்லை’ போட்டுவிடும். சீக்கிரம் எடுத்துவிடுங்கள். நேரம் முடிந்தால் லைன் தானாகக் கட்டாகிவிடும்.”

அவர் எழுந்தார். ஆணியில் மாலை சிக்கியது. மாலையோடு சேர்த்துப் பிய்த்து எடுத்து, எங்கே வைப்பது என்று பார்த்து, சொல்யூஷன் டப்பா மேல் வைக்க மனம் வராமல், தன் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இப்போது ஒரே ஒரு முகம் இருந்தது. இடது பக்கம் திரும்பச் சொன்னாள், திரும்பினார். வலது பக்கம். கண்ணைச் சிமிட்டச் சொன்னாள். சிமிட்டினார். இன்னொருமுறை மெதுவாகச் சிமிட்டச் சொன்னாள். கடைசியில், “சிரியுங்கள், ஐயா” என்றாள். உயிருள்ள ஆள்தான் என்று மெஷின் நம்புவதற்காம்.

அவர் பல்லைக் காட்டினார்.

“வாழ்த்துகள். சரிபார்ப்பு முடிந்தது. இருபத்திநாலு மணி நேரத்துக்குள் உங்கள் நம்பர் இயங்கும்.”

“எப்போ?”

“இருபத்திநாலு மணி...” லைன் கட்டாயிற்று. எத்தனை நட்சத்திரம் என்று கேட்டது.

மாரிசெல்வி போனைப் பாயில் எறிந்தாள். மணி நாலு நாற்பது.

வாழ்நாள் முழுக்க அந்த ஜன்னலிலிருந்து ஏசிய வெயிலுமுத்துவுக்கு அன்றைக்கு யாரை ஏசுவது என்று தெரியவில்லை. போட்டோவைப் பாயின் மேல் நிமிர்த்தி வைத்தார். “வா” என்றார். “காலேஜுக்கே போவம். அங்க மனுசன் இருப்பான்லா. மனுசன் மூஞ்சியப் பாத்துக் கேப்பம்.”

ரிக்‌ஷாவில் மூன்று பேரும் செம்பூர் போய்ச் சேர ஐந்தே கால் ஆகிவிட்டது. சிக்னலில் நின்ற ஒவ்வொரு நிமிடமும் மாரிசெல்வி போனில் மணியைப் பார்த்தாள். ஐந்து ஆனபோது போனைப் பையில் வைத்துவிட்டாள். “திரும்பச் சொல்லவா?” என்று இசக்கியம்மாள் கேட்டதற்கு, கையால் முன்னே போகச் சொல்லிக் காட்டினாள்.

கல்லூரி ஆபீஸில் ஒரே ஒரு கிளார்க் இருந்தார். திருவேங்கடம் என்று மேஜையில் பெயர்ப் பலகை. சாப்பாட்டு டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் வெயிலுமுத்துவுக்குத் தெம்பு வந்தது.

“சார், இந்தப் பிள்ளைக்கு இங்க சீட்டு. பட்டன் அமுக்க முடியல. எங்க நம்பரு...”

“யாராலயும் அமுக்க முடியலை” என்றார் திருவேங்கடம். “வெளியே நோட்டீஸ் ஒட்டியிருக்கே, பாக்கலையா?”

அவர்கள் பார்க்கவில்லை. ஓடிவந்தவர்கள் நோட்டீஸ் பார்ப்பார்களா?

“காலைல ஒம்பது மணிக்கே சர்வர் படுத்துடுத்து. ஓடிபி போட்டு உள்ளே போனவாளுக்கும் அந்தப் பச்சை பட்டன் வரவே இல்லை. கடைசி தேதி வெள்ளிக்கிழமை வரைக்கும் தள்ளியாச்சு.”

மாரிசெல்வி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். “ஒம்பது மணிக்கா?”

“ஆமா.”

“ஒம்பது மணிக்கே தெரியும்னா அத வெப்சைட்டுல போட வேண்டாமா சார்?”

“வெப்சைட்ல ஒண்ணையுமே ஏத்த முடியலைங்கறேன். அதுல எங்கேம்மா போடறது?” என்றார் திருவேங்கடம். நியாயமாகத்தான் கேட்கிறோம் என்ற முகம். “வெள்ளிக்கிழமைக்குள்ள பண்ணிடு. எல்லாம் ஆன்லைன்தான். இங்கே வந்து ஒரு பிரயோஜனமும் இல்லை.” விளக்கை அணைத்தார்.

வெளியே சுவரில் அரைப்பக்க நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ‘தொழில்நுட்பக் காரணங்களால்’ என்று ஆரம்பித்தது. ஒரு மூலை பசை விட்டுத் தொங்கியது. வெயிலுமுத்து பழக்க தோஷத்தில் அதைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் நம்பர் உயிர்த்தது. வந்த முதல் அரை மணியில் நாற்பத்தாறு மெசேஜ். பாதி விளம்பரம். இரண்டு, கம்பெனியின் தோழி அனுப்பிய காலாவதியான ஓடிபி. மாரிசெல்வி ஏணியில் ஏறிப் போய் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். வெப்சைட் திறந்தது. அவர் இந்த முறை ஜன்னலைப் பார்த்து முழங்கவில்லை. போனை அவள் கையில் கொடுத்தார். அவள் ஆறு எண்களைப் போட்டாள், பச்சை பட்டனை அமுக்கினாள். ‘உங்கள் இடம் உறுதி செய்யப்பட்டது.’ அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பட்டன் சாம்பல் நிறமானது.

“ஆயிட்டா?”

“ஆயிட்டு மாமா.”

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.” அவள் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. “மாமா, இப்ப நம்பர மாத்துதேன். இன்னொரு ஓடிபி வரும்.”

அவர் வேலையைப் பார்த்தபடி, “மாத்து, மாத்து” என்றார். “எனக்கும் சனியன் விட்டுது.” ஆனால் பிரஷ் கொஞ்ச நேரம் பெல்ட்டில் ஒரே இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கீழே இறங்கும்போது முப்பிடாதியம்மாள் கேஸ் புத்தகத்தோடு நின்றாள். பின்னால் தமிழ்செல்வனின் பொண்டாட்டி பேங்க் புத்தகத்தோடு. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

“தாயி, அண்ணாச்சி நம்பரு கெட்டுப்போச்சு. இனி அத நம்ப முடியாது” என்றாள் முப்பிடாதியம்மாள். “ஒன் நம்பரப் போட்டுரு. நீ படிக்கப்போற பிள்ள. ஒன் நம்பரு மாறாது.”

மாரிசெல்வி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். எல்லார் இடுப்பிலும் போன் செருகியிருந்தது. முப்பிடாதியம்மாள் இடுப்பில் இரண்டு.

“ஒங்ககிட்டதான் போன் இருக்குல்லா பெரியம்மா?”

“இருக்கு. அது பாட்டு கேக்கதுக்கு.”

“முடியாது” என்றாள் மாரிசெல்வி.

வாசலில் நின்ற இசக்கியம்மாளுக்குச் சுருக்கென்றது. “ஏட்டி, பைய பேசு. நேத்து மெஷின நிறுத்திட்டு வெயில்ல நின்னது யாருக்காவ? ஒனக்காவத்தான?”

“எனக்காவ ஒருத்தரும் நிக்கல. அவங்கவங்க சிலிண்டருக்காவ நின்னாங்க.” அவள் முப்பிடாதியம்மாளின் கையிலிருந்த புத்தகத்தை வாங்கினாள். “போனக் குடுங்க. ஒங்க நம்பரையே ஏத்துதேன். ஓடிபி வந்தா வாசிச்சுச் சொல்லுதேன், எப்ப வேணாலும் வாங்க. நம்பரு மட்டும் ஒங்களோடதா இருக்கட்டும்.”

“எந்த நம்பருட்டி எனக்கு நெனப்பிருக்கு?”

“எழுதி ஜன்னல்ல ஒட்டிக்கிடுங்க.”

முப்பிடாதியம்மாள் இடுப்பிலிருந்து இரண்டு போனையும் எடுத்து, எதைக் கொடுப்பது என்று தெரியாமல் இரண்டையும் நீட்டினாள். பின்னால் நின்றவளைத் திரும்பிப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“இன்னும் காலேஜு வாசல மிதிக்கல. அதுக்குள்ள ஊசி போட ஆரம்பிச்சிட்டா பாரு.”